அதே பாட்டு, வேறு கால்கள்

ஹெல்சிங்கி 2017, பெய்ஜிங் 2022. இந்த இரண்டு காணொளிகளையும் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. முடிவு தெரியும். மதிப்பெண் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்வரை மனப்பாடம். ஆனாலும் ஹான் சோங் தன் ஜோடி சுய் வென்ஜிங்கை இடுப்பில் பிடித்து வீசப்போகும் இடம் வந்ததும் என் கண் தானாகத் திரையின் மூலைக்கு ஓடிவிடுகிறது. கைத்தட்டல் கேட்ட பிறகுதான் திரும்பி வருகிறது. பழைய ஓட்டத்தையே இப்படிப் பார்க்கிறவனுக்கு நேரலை எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள்.

ஜோடி ஸ்கேட்டிங் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே ஆண் பெண்ணை வீசுவார். அந்தப் பெண் காற்றில் மூன்று சுற்றுச் சுற்றி, சில மீட்டர் தள்ளி, பின்பக்கமாக, ஒற்றைக் காலில், சில மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகட்டின் மேல் வந்து இறங்க வேண்டும். இறங்கும்போது முகத்தில் வலி தெரியக்கூடாது. ட்விஸ்ட் என்ற இன்னொன்றில் தலைக்கு மேலே எறிந்து, அவர் படுத்த வாக்கில் சுழன்று வர, மறுபடி இடுப்பில் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் பதின்ம வயதிலிருந்து தினமும் செய்தால் கணுக்காலும் இடுப்பு மூட்டும் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவர் தேவையில்லை. ரசிகனுக்கே தெரியும்.

சீனாவில் இந்த விளையாட்டு தொடங்கிய விதத்தைச் சொல்லாமல் இவர்களைச் சொல்ல முடியாது. 1980-இல் ஜெர்மனியின் டார்ட்மண்டில் நடந்த உலகப் போட்டிக்குச் சீனாவிலிருந்து ஒரு ஜோடி வந்தது: லுவான் போ, யாவ் பின். கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத நாட்டில் புகைப்படங்களைப் பார்த்து ஸ்கேட்டிங் பழகியவர்கள். ஒரு தூக்கு எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது என்று படம் காட்டாதே. நடுவில் உள்ள ஒரு நொடியை மட்டும்தான் காட்டும். மீதியை இவர்களாக ஊகித்திருக்கிறார்கள். டார்ட்மண்டில் கடைசி இடம் கிடைத்தது. அரங்கில் சிரித்தார்கள். 1984 சரயேவோ ஒலிம்பிக்கிலும் கடைசி இடம்தான்.

அந்த யாவ் பின்தான் பிறகு பயிற்சியாளராகி ஷென் ஷுவே, ஜாவ் ஹோங்போ ஜோடியை உருவாக்கினார். 2010 வான்கூவரில் அவர்கள் வாங்கியதுதான் ஜோடி ஸ்கேட்டிங்கில் சீனாவின் முதல் ஒலிம்பிக் தங்கம். லுவான் போ ஹார்பினில் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். 2007-இல் அவர் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துவைத்தார். சுய்க்கு அப்போது 12 வயது, ஹானுக்கு 15.

பொருத்தம் என்று பார்த்தால் யாரும் சேர்த்துவைத்திருக்கமாட்டார்கள். ஜோடி ஸ்கேட்டிங்கில் ஆண் நெடிதுயர்ந்து தோள் அகன்று இருக்க வேண்டும், பெண் கைக்குள் அடங்க வேண்டும் என்பது எழுதாத விதி. ஹானின் உயரம் 170 சென்டிமீட்டர் அளவுதான். சுய் குட்டையானவர், ஆனால் கொடி போன்றவர் அல்ல. திடமான உடல், தரையை உதைத்து எழும்பும் கால்கள். சீன ரசிகர்கள் இவர்களுக்கு வைத்த செல்லப்பெயரிலேயே கேலியும் பாசமும் கலந்திருக்கிறது: வெங்காயத்தாளும் வாளியும். ஹானின் பெயரிலுள்ள ‘சோங்’ என்ற ஒலி சீனத்தில் வெங்காயத்தாளையும் குறிக்கும். வாளி யார் என்று சொல்லத் தேவையில்லை. உலக சாம்பியன் ஒருவரை வாளி என்று கூப்பிட்டும் அவர் கோபித்துக்கொள்ளாமல் இருக்கிறார் என்றால் அந்த ரசிகர் கூட்டம் வீட்டுக்காரர்கள் மாதிரிதான்.

அன்று அவர்கள் எப்படி இருந்தார்கள்? 2010, 2011, 2012 என்று வரிசையாக மூன்று முறை உலக ஜூனியர் பட்டம். பெரியவர்களே கைவைக்கத் தயங்கும் நான்கு சுற்று வீச்சை இந்தப் பிள்ளைகள் செய்தார்கள். அந்த நான்கு சுற்று வீச்சுக்குச் சீனாவில் ஒரு முன்கதை உண்டு. 2006 டூரின் ஒலிம்பிக்கில் ஜாங் டான் அதை முயன்று, கால்கள் விரிந்து பனிமேல் மோதிக் கிடந்தார். எழுந்து, சில நிமிடம் கழித்து, விட்ட இடத்திலிருந்து ஆடி முடித்து ஜாங் ஹாவுடன் வெள்ளி வாங்கினார். உலகமே எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு அந்தக் காட்சி வீரமாகப் படவில்லை, இன்றுவரை. யாராவது நிறுத்தியிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. அதே தாவலைப் பதினைந்து பதினாறு வயதுப் பெண் சிரித்துக்கொண்டே செய்வதைப் பார்த்தபோது வியப்புக்குப் பின்னால் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது.

அந்தக் காலத்து ஓட்டங்களை இப்போது போட்டுப் பாருங்கள். தாவல், வீச்சு, தூக்கு, மறுபடி தாவல். இடைப்பட்ட நேரம் அடுத்த வித்தைக்கு வேகம் எடுக்கும் நேரம். இசை பாட்டுக்கு ஒரு பக்கம் ஓடும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பது பிடிக்கவும் விடவும் மட்டுமே. திருவிழாக் கூத்தில் நெருப்பு வளையத்துக்குள் பாயும் பிள்ளைகளிடம் இருக்கும் துணிச்சல் அது; அழகு என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன்.

பிறகு சுய் வளர்ந்தார். இந்த விளையாட்டில் ஒரு பெண் வளர்வது விபத்து மாதிரி. எடை மாறும், சுழலும் வேகம் மாறும், காயம் வந்து சேரும். 2014 ஜனவரியில் தைப்பேயில் நான்கு கண்டப் போட்டியில் தங்கம் வாங்கினார்கள். அடுத்த மாதம் சோச்சி ஒலிம்பிக். சீனா வேறு இரண்டு ஜோடிகளை அனுப்பியது. என் கவலை அப்போது இரண்டாகக் கிளைத்தது: இவர்கள் ஒலிம்பிக் பார்க்காமலே போய்விடுவார்களோ என்பது ஒன்று, வாய்ப்புக்காக இன்னும் ஆபத்தான எதையாவது செய்யத் தொடங்குவார்களோ என்பது இன்னொன்று.

2015 ஷாங்காயிலும் 2016 பாஸ்டனிலும் உலக வெள்ளி. பாஸ்டன் முடிந்து சில வாரத்தில், 2016 மே மாதம், சுய்க்கு இரண்டு கால்களிலும் அறுவைச் சிகிச்சை. ஒன்றல்ல, இரண்டும். கணுக்கால் தசைநாரைச் சீரமைத்து, நிற்கவும் நடக்கவும் திரும்பப் பழகி, அதன்பிறகுதான் பனியில் கால்வைக்க வேண்டும். அந்தப் பருவம் போய்விட்டது என்றே நினைத்தேன். வயது அப்போது 20. இன்னொரு நாட்டில் என்றால் ஹானுக்கு வேறு ஜோடி பார்த்திருப்பார்கள். சீனாவிலும் ஜோடி மாற்றுவது புதிதல்ல. மாற்றவில்லை.

2017 பிப்ரவரியில் திரும்பி வந்தார்கள். மார்ச் மாதக் கடைசியில் ஹெல்சிங்கி. கனடாவின் லோரி நிக்கல் அமைத்த நீள்நிகழ்ச்சி, ‘பிரிட்ஜ் ஓவர் ட்ரபிள்ட் வாட்டர்’ பாட்டு. அறுவைச் சிகிச்சை நடந்து பத்து மாதம் ஆகியிருந்த காலை வைத்துக்கொண்டு அவர் இறங்கிய விதம்! முழங்கால் மடிந்து, பனி அவரை வாங்கிக்கொண்ட மாதிரி. என்னை அசைத்தது அதுகூட அல்ல. வித்தைகளுக்கு இடைப்பட்ட நேரம் முதன்முறையாக நிரம்பியிருந்தது. கை நீட்டுவதும் பற்றுவதும் இசையோடு நடந்தன. இவர் அவரைப் பார்த்தார், அவர் இவரைப் பார்த்தார். 232.06 மதிப்பெண், முதல் உலகப் பட்டம்.

காயம் வந்ததால்தான் கலை வந்தது என்று எழுதினால் வசதியாக இருக்கும், பலர் எழுதவும் செய்தார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஒரு பெண்ணின் இரண்டு கால்களையும் கிழித்துத்தான் அழகு வரும் என்றால் அந்த அழகு எனக்கு வேண்டாம். நல்ல நடன அமைப்பும், சேர்ந்து கழிந்த பத்து ஆண்டும், இருவருக்கும் வந்த வயதும் போதுமான காரணங்கள். விதிகளும் பிறகு அந்தப் பக்கமே சாய்ந்தன. 2018-க்குப் பின் நான்கு சுற்று வீச்சுக்கும் ட்விஸ்டுக்கும் அடிப்படை மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். ஒரு வித்தை எவ்வளவு நேர்த்தியாக வந்தது என்பதற்கான அளவுகோலைக் கூட்டல் கழித்தல் 3-லிருந்து 5-க்கு விரித்தார்கள். கழுத்தைப் பணயம் வைப்பதைவிட மூன்று சுற்றைச் சுத்தமாகச் செய்வது லாபம் என்று ஆனது. இந்த விளையாட்டை நடத்துகிறவர்கள் செய்த புண்ணியங்களில் ஒன்று. பெரிய பட்டியல் இல்லை.

2018 பியோங்சாங் ஒலிம்பிக். குறுநிகழ்ச்சி முடிந்தபோது இவர்கள் முதலிடம். நான்காம் இடத்தில் 5.80 மதிப்பெண் பின்தங்கியிருந்த ஜெர்மனியின் அல்யோனா சவ்சென்கோ, புரூனோ மாசோ ஜோடி வாழ்நாள் ஓட்டம் ஒன்றை ஓடிவிட்டது. இவர்களுக்குத் தாவல்களில் தடுமாற்றம். 235.90-க்கு 235.47. வித்தியாசம் 0.43. ஒரு கை சற்றுத் தளர்ந்தால் போகும் அளவு. பிறகு சுய்யின் வலது பாதத்தில் அழுத்த முறிவு என்று தெரியவந்தது. அடுத்த மாத உலகப் போட்டிக்கு வரவில்லை; அந்த ஆண்டு இலையுதிர்காலப் போட்டிகளும் போயின. 0.43-ஐ நினைத்துத் தூக்கம் கெட்ட நான் அந்தச் செய்திக்குப் பிறகு அதை மறந்தேன். எலும்பு விரிசல் விட்ட காலில் இறங்குகிற ஒருவரிடம் அரைப் புள்ளிக்கு நான் என்ன கோபப்படுவது?

2019 சைதாமாவில் மீண்டும் உலகப் பட்டம். 2020 ஏப்ரலில் ஹானுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை. வீசப்படுகிறவரைப் பற்றியே இத்தனை ஆண்டும் கவலைப்பட்டவன் வீசுகிறவரை மறந்திருந்தேன் என்பது அன்றுதான் உறைத்தது. ஒவ்வொரு வீச்சும், ஒவ்வொரு தூக்கும் அவர் இடுப்பில்தான் தொடங்கியிருக்கிறது. 2016-இல் அவர் காத்திருந்தார். இம்முறை சுய் காத்திருந்தார்.

பெய்ஜிங் ஒலிம்பிக், 2022 பிப்ரவரி 19. அதே பாட்டை எடுத்து வந்திருந்தார்கள். பயிற்சிக் குழுவில் ஜாவ் ஹோங்போ. குறுநிகழ்ச்சியில் 84.41 என்ற அன்றைய உலகச் சாதனை, ஆனால் ரஷ்யாவின் தாராசோவா, மோரோசோவ் ஜோடி வெறும் 0.16 பின்னால் நின்றது. சொந்த மண், கடைசி ஓட்டம். முதல் வித்தையாக நான்கு சுற்று ட்விஸ்ட்! மதிப்பெண் குறைத்தும், கால் போயும், இடுப்பு போயும், இதைக் கைவிட்டிருப்பார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். பழைய பிள்ளைகள் அந்த ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மற்றதெல்லாம் நிதானம். ஹெல்சிங்கியில் அந்தப் பாட்டு சுய்யை ஹான் தாங்கும் கதையாகத் தெரிந்தது. பெய்ஜிங்கில் யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று சொல்ல முடியவில்லை. 239.88-க்கு 239.25. இம்முறை 0.63 இவர்கள் பக்கம்.

அத்தோடு ஓய்வு என்றே எடுத்துக்கொண்டேன். ஓய்வு என்று அவர்கள் சொல்லவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். சுய் நடனக் கல்லூரியில் படிக்கப் போனார். கவலை இல்லாமல் பழைய ஓட்டங்களைப் பார்க்கும் சுகத்துக்குப் பழகியிருந்தேன். 2025-இல் திரும்பி வருகிறோம் என்றார்கள். வயது 29, 32. ஷென்னும் ஜாவும் 2007-இல் விலகி, பிறகு திரும்பி வந்து, 31, 36 வயதில் வான்கூவர் தங்கத்தை வாங்கியது உண்மைதான். ஆனால் அவர்களிடம் ஒலிம்பிக் தங்கம் இல்லை, அதற்காக வந்தார்கள். இவர்களிடம் இருக்கிறது. பின் எதற்கு?

மிலான் ஒலிம்பிக்கில், 2026 பிப்ரவரியில், பதக்க மேடையில் இவர்கள் இல்லை. ஜப்பானின் ரிகு மியூரா, ரியுய்ச்சி கிஹாரா குறுநிகழ்ச்சியில் ஐந்தாவதாக இருந்து தங்கத்துக்கு ஏறினார்கள். அதுவும் முதுகுக் காயத்தைத் தாண்டி வந்த ஜோடிதான், அவர்களுக்கென்று கவலைப்பட அங்கே ஆட்கள் இருந்திருப்பார்கள். சுய், ஹான் ஜோடியின் தாவல்கள் சிறுத்திருந்தன. வேகம் பழைய வேகமில்லை. எனக்கு வருத்தமாக இல்லை என்பதே எனக்கு வியப்பாக இருந்தது.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய அக்டோபரைப் பற்றி. சோங்சிங்கில் சீனக் கோப்பை, மூன்று ஆண்டுக்கு மேல் கழித்து முதல் சர்வதேசப் போட்டி. இருவரும் பனித்தளத்தின் நடுவுக்கு வந்தார்கள். வர்ணனையாளர் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இம்முறை வீச்சு வந்தபோது கண் மூலைக்கு ஓடவில்லை. நான் மதிப்பெண் பெட்டியையும் பார்க்கவில்லை, சுய்யின் முகத்தையும் பார்க்கவில்லை. அவர் இறங்கப்போகும் வலது காலை மட்டும், கணுக்கால் பூட்ஸுக்குள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று, பார்த்துக்கொண்டிருந்தேன்.