கூப்பிட்டாலும் திரும்பாத அப்பா... முன்னாள் ராணுவ வீரர்களுக்கு வரும் ‘டிஸ்அசோசியேஷன்’ என்றால் என்ன?

தீபாவளி நேரம். தெருவில் சரவெடி வெடிக்கிறது. ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற அப்பா, நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். நாலு தடவை கூப்பிட்டும் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “என்ன, எதுக்கு எல்லாரும் என்னையே பாக்குறீங்க?” என்கிறார். வயசாயிடுச்சு, காது மந்தம் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். ஆனால், இது போர்க்களத்தில் இருந்து கூடவே வந்த பாதிப்பாகவும் இருக்கலாம்.

மூளையில் என்ன நடக்கிறது?

அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயான பி.டி.எஸ்.டி. என்றாலே கெட்ட கனவு, திடுக்கிடல், கோபம்தான் நினைவுக்கு வரும். சிலருக்கு நேர்மாறாக நடக்கும். மரத்துப் போவார்கள். “என் உடம்புக்கு வெளியே நின்னு என்னையே பாக்குற மாதிரி இருக்கு” என்பார்கள். மூளையில் பய உணர்வை எழுப்பும் அமிக்டலாவை, முன்மூளை அளவுக்கு மீறி அடக்கிவிடுவதே காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வோல்டேஜ் எகிறினால் வீட்டையே இருட்டாக்கிவிடும் டிரிப்பர் மாதிரி. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல்தான் இதை பி.டி.எஸ்.டி.யின் தனி உட்பிரிவாகச் சேர்த்தது.

பேசப்படாத போர்

1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் சுமார் 1,200 பேர் உயிரிழந்தனர். 1990 மார்ச்சில் கடைசி அணி கப்பலில் சென்னை வந்தபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தமிழர்கள் கொல்லப்பட்டார்கள் என்ற கோபம் இங்கே இருந்தது. அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு. யாழ்ப்பாணத்து மக்களின் மனக்காயங்களை மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998-ல் புத்தகமாகவே எழுதினார். ஆனால் அன்று இருபது வயதில் போன சிப்பாய்க்கு இன்று வயது அறுபது ஆகப்போகிறது. பார்த்ததை அவர் யாரிடம் சொல்லியிருப்பார்? சொல்ல ஆள் இல்லாதவர்களிடம் இந்த நோய் நாள்பட நிலைப்பது அதிகம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

உலுக்காதீர்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள். எதிரே வந்து நின்று, மெதுவாகப் பேசுங்கள். “அப்பா, நம்ம வீட்லதான் இருக்கீங்க. இன்னிக்கு செவ்வாய்க்கிழமை.” கால் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்லலாம், கையில் குளிர்ந்த டம்ளரைக் கொடுக்கலாம். “அங்க என்னதான் நடந்துச்சு?” என்று அப்போது கேட்கவே கூடாது.

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. பயிற்சி பெற்றவரிடம் எடுக்கும் உளவியல் சிகிச்சைதான் முக்கியம். குடித்தால் இன்னும் மோசமாகும். முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். அட்டை இருந்தால், பாலிகிளினிக்கில் மனநல மருத்துவருக்குப் பரிந்துரை கேட்கலாம். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இயங்கும் 104 சேவையிலும், 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் கட்டணமில்லாமல் பேசலாம்.

ஒரு எச்சரிக்கை. வலிப்பு நோயின் ஒரு வகையும், சர்க்கரை திடீரென்று இறங்குவதும் பார்க்க இதேபோலத்தான் இருக்கும். அதனால் அடுத்த முறை நடக்கும்போது செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயாளி என்றால், முதலில் சுகர் அளவைப் பாருங்கள்.