கரும்புக்கு ஒரு பார்கோடு!

இனிப்புக் கரும்பையும் காட்டுக் கரும்பையும் கலந்து கோவையில் உருவான ‘கோ 205’ ரகம் 1918-ல் வயலுக்கு வந்தது. ‘கோ’ என்றால் கோயம்புத்தூர்தான்!

சிக்கலும் இந்தக் கலப்பில்தான். மனிதருக்கு 46 குரோமோசோம்கள். இன்றைய கரும்புக்கு நூற்றுக்கும் மேல். லேசான மாற்றங்களோடு அச்சான ஒரே நாளிதழின் பத்துப் பிரதிகளைக் கிழித்துக் கலந்து, திரும்ப ஒட்டச் சொன்னால் எப்படி?

அதற்குத்தான் நானோ சிப். தலைமுடியைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மெல்லிய கால்வாய்கள் அதில் உண்டு. சுருண்டு கிடக்கும் டி.என்.ஏ-வை மின்புலம் உள்ளே இழுக்க, அது நூலாக நீள்கிறது. (சிக்கிய நூலில் முனை தேடும் பாடு திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும்.) குறிப்பிட்ட எழுத்து வரிசை வரும் இடங்களில் மட்டும் சாயம் ஒளிரும். புள்ளிகளின் இடைவெளிதான் பார்கோடு. மூலக்கூறை நீளமாகவே பார்ப்பதால், எந்தத் துண்டு எந்தப் பிரதியுடையது என்பது பிடிபடுகிறது.

‘ஆர் 570’ கரும்பின் மரபணுத் தொகுப்பு 2024-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அதற்கு இந்த ஒளி வரைபடமும் துணைநின்றது. பழுப்புத் துரு நோயைத் தடுக்கும் மரபணுக்களுக்கான தடயமும் கிடைத்தது.

செவ்வழுகல் நோய்தான் பெரிய தலைவலி. உத்தரப் பிரதேசத்தில் விளைச்சலை அள்ளித் தந்த ‘கோ 0238’ அதனிடம்தான் சாய்ந்தது.