கூகுளில் முதலிடம்: காசு கொடுத்தால் கிடைக்குமா?

தீபாவளி நெருங்கும்போது, 'கிள்ளானில் முறுக்கு' எனக் கூகுளில் தேடுவோர் கண்ணில் தங்கள் கடை பட வேண்டும் என்பதே சிறு வணிகர்களின் விருப்பம். அதற்காக, 'முதலிடம் உறுதி' என்போரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறக் கூடாது. அத்தகைய உறுதியை எவராலும் தர முடியாது எனக் கூகுளே தெளிவுபடுத்தியுள்ளது. விளம்பரத்துக்குத்தான் கட்டணம், இயல்பான தேடல் வரிசைக்கு இல்லை.

சில கடைகளின் அகப்பக்கத்தில் விலைப்பட்டியல் வெறும் படமாகவே இருக்கும். படத்தில் உள்ள எழுத்தைவிட, தட்டச்சு செய்த எழுத்தையே தேடுபொறி நன்கு புரிந்துகொள்ளும். எனவே பலகாரத்தின் பெயர், விலை, ஊர் ஆகியவற்றைத் தட்டச்சு செய்தே பதிவிட வேண்டும். தமிழுக்கு யூனிகோட் எழுத்து அவசியம். பக்கத் தலைப்பில் 'முகப்பு' என்பதற்குப் பதிலாகக் கடையின் பெயரும் ஊரும் இருக்கட்டும். கூகுள் வரைபடத்தில் முகவரியையும் திறந்திருக்கும் நேரத்தையும் இலவசமாகவே பதிந்துகொள்ளலாம்.