கிழ டிராக்டரின் நடுக்கம்

மனிதனுக்கு உடல் நடுங்கினால் வைத்தியர் என்ன செய்கிறார்? குளிரா, ஜுரமா, பயமா, முதுமையா என்று விசாரிக்கிறார். நாடியைப் பார்க்கிறார். ஒன்றும் விசாரியாமல் கத்தியை எடுப்பவரை நாம் வைத்தியர் என்று சொல்லுவதில்லை. ஆனால் டிராக்டருக்கு நடுக்கம் கண்டால் மட்டும், "எஞ்சினைப் பிரித்துவிட வேண்டியதுதான்" என்று எடுத்த எடுப்பில் சொல்லுகிறவரைப் பெரிய நிபுணர் என்று நம்பிவிடுகிறோம்!

தஞ்சை ஜில்லாவில் விவசாயம் செய்துவரும் என் பெரியப்பாவின் குமாரருக்கு இந்தச் சங்கடந்தான் நேர்ந்தது. அவருடைய டிராக்டருக்கு வயது இருபத்தாறு. வயலில் ஒருவாறு உழுதுவிடும். நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தார்ச் சாலையில் சற்று வேகமாகப் போனாலோ, ஓட்டுகிறவரின் பற்கள் ஒன்றோடொன்று மோதும். அவருக்கு இடுப்பு வலி வந்து, ஒரு மாதம் படுக்கையில் இருக்கும்படி வைத்தியர் சொல்லிவிட்டார். பட்டறை ஒன்றில் காட்டியதில், எஞ்சினை முழுவதும் பிரிக்க வேண்டுமென்று ஒரு பெருந்தொகை கேட்டார்கள். பழைய இரும்பு வியாபாரி ஒருவர் அதில் பாதிகூடப் பெறாத விலைக்கு வண்டியைக் கேட்டார்.

"தம்பி, விற்றுவிடலாமென்று பார்க்கிறேன். சம்பா அறுவடைக்கு வாடகை வண்டி பிடித்துக்கொள்ளலாம்" என்றார் அண்ணா, மனமில்லாமல்.

அச்சமயம் பக்கத்துக் கிராமத்து முதிய மிஸ்திரி ஒருவர் வந்தார். அவர் ஸ்பானரைக் கையில் எடுக்கவேயில்லை. "ஐயா, இது நின்ற இடத்தில் நடுங்குகிறதா, நடக்கும்போது நடுங்குகிறதா? முதலில் அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் பாதி வைத்தியம் அடங்கியிருக்கிறது.

எஞ்சினா, சக்கரமா?

வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஓட விட வேண்டும். நின்ற இடத்திலேயே உதறினால் கோளாறு எஞ்சினிலோ, அதை ஒட்டிய விசிறி, கிளச்சு முதலியவற்றிலோ இருக்கும். நின்ற இடத்தில் சாதுவாக இருந்து, நகர்ந்தால்தான் ஆடுகிறது என்றால் சக்கரங்களின் பக்கம் கண்ணைத் திருப்ப வேண்டும்.

இன்னும் சந்தேகமிருந்தால் வேறோர் உபாயம் உண்டு. சமதளமான சாலையில் மேல் கியரில் போகும்போது எந்த வேகத்தில் நடுக்கம் வருகிறதென்று கவனிக்க வேண்டும். பிறகு அதற்கு ஒரு படி கீழான கியரில், எஞ்சினின் ஓசை முன்போலவே இருக்கும்படி ஓட்ட வேண்டும். எஞ்சின் அதே வேகத்தில் சுழல்கிறது; சக்கரங்களோ மெதுவாக உருளுகின்றன. இப்போது நடுக்கம் மறைந்தால், குற்றவாளி எஞ்சின் அன்று. எங்கள் அண்ணாவின் வண்டியில் அப்படியே நடுக்கம் மறைந்தது. அவ்வளவில் எஞ்சின் பிரிக்கும் செலவும் மறைந்தது!

ஒரு விஷயம். இந்தப் பரீட்சைகளுக்காகச் சரிவான சாலையில் ஒருபோதும் நியூட்ரலில் வண்டியை உருள விடலாகாது. பாரத்தோடு கூடிய டிராக்டர் அப்படி உருளத் தொடங்கினால் பிரேக்குக்கு அடங்குவது கடினம்.

எஞ்சினின் நோய்கள்

எஞ்சினே நடுங்கினால், எல்லாச் சிலிண்டர்களும் வேலை செய்கின்றனவா என்பதே முதற்கேள்வி. எஞ்சின் மெதுவாக ஓடும்போது, ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் போகும் டீசல் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்தி மீண்டும் இறுக்குவது மிஸ்திரிகளின் வழக்கம். நல்ல சிலிண்டராயின் உடனே எஞ்சினின் ஓசை மாறித் தள்ளாடும். நோயுற்ற சிலிண்டராயின் ஒரு மாறுதலும் இராது. ஆனால் அந்தக் குழாயில் டீசல் பெரும் அழுத்தத்தில் வருகிறது. அதன் பீறல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடக்கூடும். ஆகையால் இது பழகிய கைகளுக்கே உரிய பரீட்சை. பிள்ளைகள் அருகில் நிற்கலாகாது.

குழாயில் காற்றுப் புகுந்திருத்தல், இன்ஜெக்டர் அடைத்திருத்தல், வால்வுகளின் இடைவெளி மாறியிருத்தல் ஆகிய சிறு காரணங்களை முதலில் நீக்கிப் பார்த்துவிட்டுத்தான் பெரிய காரணங்களைத் தேட வேண்டும். இரண்டு சிலிண்டர் எஞ்சின், மூன்று அல்லது நான்கு சிலிண்டர் எஞ்சினைக் காட்டிலும் சற்று அதிகமாக அதிரும். அது அதன் பிறவிக் குணம், நோயன்று.

சாதாரண டிராக்டரில், மோட்டார் காரில் உள்ளதுபோல் தனிச்சட்டம் கிடையாது. எஞ்சின், கியர்ப்பெட்டி, பின் அச்சு ஆகியவற்றை ஒன்றோடொன்று போல்ட்டுகளால் பிணைத்ததே அதன் முதுகெலும்பு. அந்தப் போல்ட்டுகள் தளர்ந்தால் உடம்பு முழுவதும் ஆடும். அவற்றை அவ்வப்போது பார்த்து இறுக்குவது அவசியம்.

சக்கரங்களின் நோய்கள்

ஸ்டீயரிங் கையில் துடித்தால் முன் சக்கரங்களையும், ஆசனத்தின் அடியில் உதறினால் பின் சக்கரங்களையும் முதலில் சந்தேகிக்கலாம்.

பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் கண்டால் பேரிங்கோ கிங் பின்னோ தேய்ந்திருக்கும். இடமும் வலமுமாக ஆட்டுகையில் தளர்வு தெரிந்தால் டை ராடு முனைகளைப் பார்க்க வேண்டும். முன் அச்சு நடுவில் ஏற்றமரம்போல் ஒரு பின்னின்மேல் ஆடுகிறது. அந்தப் பின்னும் புஷ்ஷும் தேய்ந்தாலும் முன்பக்கம் தத்தளிக்கும்.

பின் சக்கரத்தில் முதலில் பார்க்க வேண்டியவை நட்டுகள். அவை தளர்ந்த நிலையிலேயே வண்டி ஓடினால், தட்டிலுள்ள வட்டத் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்துவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிலைக்காது. சாலையில் சக்கரமே கழன்று ஓடும் அபாயமும் உண்டு. எங்கள் வண்டியில் மிஸ்திரி கண்டுபிடித்தது இதைத்தான். வலப்பக்கத்துத் தட்டின் துளைகள் எல்லாம் முட்டை வடிவமாகியிருந்தன!

அத்துடன் டயர்களிலும் கோளாறு இருந்தது. உழும்போது பிடிப்பு வேண்டிப் பின் டயர்களில் முக்கால் பங்குவரை தண்ணீர் நிரப்புவது வழக்கம். ஒரு டயரில் தண்ணீர் இருந்தது. பஞ்சர் ஒட்டிய மற்றதில் காற்று மட்டுமே இருந்தது. பின் டயரின் காற்று பொதுவாக 12 முதல் 18 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். இவரோ லாரிக்கு அடிப்பதுபோல் அடித்து வைத்திருந்தார். தண்ணீர் நிரம்பிய சக்கரத்தில் நூறு கிலோவுக்கு மேற்பட்ட அதிக பாரம் இருப்பதால், தனியாளாக அதைக் கழற்ற முயலக்கூடாது.

நெடுநாள் ஒரே இடத்தில் நின்ற வண்டியின் டயர் அடிப்பக்கம் தட்டையாகி, புறப்பட்டவுடன் தடதடக்கும். சிறிது தூரம் ஓடியபின் அது தணிந்தால் கவலையில்லை.

ஆசனத்தை மறவாதீர்கள்

பெரும்பாலான டிராக்டர்களின் பின் அச்சுக்கு ஸ்பிரிங் இல்லை. ஓட்டுகிறவரின் முதுகுக்கும் பூமிக்கும் நடுவே இருப்பவை டயரும் ஆசனத்து ஸ்பிரிங்குமே. வினாடிக்கு 4 முதல் 8 தடவை வரையுள்ள அதிர்ச்சி நமது முதுகெலும்பை மிகவும் பாதிக்கிறது. டிராக்டர் டயரின்மேல் துள்ளும் வேகமும் ஏறக்குறைய அதற்கு அருகிலேயே அமைந்துவிடுகிறது. எனவே ஆசனத்து ஸ்பிரிங்கை ஓட்டுகிறவரின் எடைக்குத் தக்கபடி அமைப்பதும், எண்ணெய் வற்றிய டாம்பரை மாற்றுவதும் ஆடம்பரம் அல்ல; வைத்தியச் செலவை மிச்சப்படுத்தும் காரியங்கள்.

அண்ணாவின் வண்டிக்குப் புதிய தட்டும் நட்டுகளும் போட்டார்கள். இரண்டு டயர்களிலும் தண்ணீரையும் காற்றையும் சமமாக்கினார்கள். ஆசனத்து டாம்பரை மாற்றினார்கள். சில மணி நேரம் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்கினார்கள். பட்டறையில் கேட்ட தொகையில் மிகச் சிறிய பங்கே செலவாயிற்று. சம்பா நெல் அந்த வண்டியிலேயே வீடு வந்து சேர்ந்தது.

நமது தேசத்தில் 1959-ஆம் ஆண்டில் டிராக்டர் செய்யத் தொடங்கினோம். துர்க்காபூர் ஆராய்ச்சி நிலையத்தில் நம்மவர்களே வகுத்த டிராக்டர், 1974-ஆம் ஆண்டில் பஞ்சாபிலிருந்து வெளிவந்தது. அதற்கு 'ஸ்வராஜ்' என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர். ஆயினும் வண்டி சற்று நடுங்கியவுடன் பிறர் சொல்லுக்கு நாமும் நடுங்கினால், அந்தப் பெயருக்கு என்ன பொருள்? நம் வீட்டு யந்திரத்தின் நாடியை நாமே பார்க்கத் தெரிந்துகொள்ளுவதும் ஸ்வராஜ்யத்தில் ஒரு பகுதிதான்.

பழைய இரும்பு வியாபாரி மறுபடியும் ஒரு நாள் வந்தாராம். "வண்டி வயலுக்குப் போயிருக்கிறது" என்று மன்னி பதில் சொல்லி அனுப்பிவிட்டாள்.