தலவில திருவிழாவும் நமது கொள்முதலும்

கற்பிட்டி, தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தில் மார்ச்சிலும் ஆகஸ்ட்டிலும் பெருவிழா நடக்கும். யாத்திரிகர்கள் பஸ் பிடித்துக் குடும்பமாக வந்து, கூடாரமடித்து, சமைத்துச் சாப்பிட்டு நாட்கணக்கில் தங்குவார்கள். தங்கும்வரை அரிசி, தேங்காய், விறகு விலைபோகும். திரும்பும்போது கருவாடும் தின்பண்டமும் விலைபோகும்.

நாட்டில் கஷ்டம் வந்தால் நேர்த்திக்கடன் கூடும். செலவழிக்கும் கை சுருங்கும். 2022 ஆகஸ்ட்டில் எரிபொருள் கியூ.ஆர். பங்கீட்டில் கிடைத்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். இப்படியான காலத்தில் யாத்திரிகர் மெழுகுவர்த்தியைக் குறைக்கமாட்டார்; வீட்டுக்கு வாங்கும் ஒரு கிலோவை 250 கிராமாக்குவார் என்பதே என் அனுபவம்.

வியாபார சகோதரர்களே, நம்மில் பலர் சென்ற வருடக் கூட்டத்தை நினைத்து இந்த வருடம் கடனுக்குச் சரக்கெடுக்கிறோம். கூட்டம் வரலாம், சரக்கு மிஞ்சலாம். விழா முடிந்த மறுநாள் அதை வாங்க ஆளில்லை. கொடுத்த காசோலையின் திகதி மட்டும் தவறாமல் வரும்.

எனவே, கொள்முதலுக்கு முன் டீசல் விலையையும் பஸ் வாடகையையும் விசாரியுங்கள். சிறிய பெக்கட்டுகளாகக் கட்டுங்கள். மிஞ்சினால் திருப்பி எடுப்பதாக மொத்த வியாபாரியிடம் முதலே பேசிக்கொள்ளுங்கள்.