மீன்தொட்டி வாள் செடி: கன்றுகளைப் பிரித்து நடலாம், ஏரியில் விடக் கூடாது

பங்காருபேட்டை: மீன்தொட்டிகளில் வளர்க்கப்படும் ‘அமேசான் ஸ்வோர்ட்’ எனும் வாள் செடி, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. இது பெரும்பாலும் வேர் வழியே சத்தைப் பெறுவதால், மணலுக்கு அடியில் உரமிடுவது அவசியம். நடும்போது குருத்தை மணலில் புதைத்தால் செடி அழுகக்கூடும். புதிய இலைகள் மஞ்சளாவது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி.

முதிர்ந்த செடி நீண்ட பூந்தண்டு விடும். அது நீருக்குள் இருந்தால் கணுக்களில் கன்றுகள் தோன்றும். வேரும் நான்கைந்து இலைகளும் வந்தபின் அவற்றைப் பிரித்து நடலாம்.

மிஞ்சும் கன்றுகளை ஏரியில் விடக் கூடாது. அதே தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை, இந்திய நீர்நிலைகள் பலவற்றை மூடிவிட்டது. ஜீவநதிகள் இல்லாத கோலார் மாவட்டத்தில், பங்காருபேட்டை போன்ற ஊர்களுக்கு ஏரிகள் இன்றியமையாதவை. எனவே, மிஞ்சியவற்றைப் பிற ஆர்வலர்களுக்கு வழங்கலாம் அல்லது உலர்த்தி எருவாக்கலாம்.