கையால் ஒரு கருவி – 9: முறுக்கை அளக்கும் கம்பி

ரப்பர் நாடாவில் எத்தனை சுற்று ஏறியிருக்கிறது என்று சொல்வதில் கஷ்டமே இல்லை. முறுக்கும் கைப்பிடியின் பல்சக்கர விகிதம் தெரிந்தால் எண்ணிக்கொண்டே வரலாம். ஆனால் அந்தச் சுற்றுகளை ரப்பர் எப்படித் தாங்குகிறது என்பதை எண்ணிக்கை சொல்லாது. ஒரே ரகமாக வாங்கிய இரண்டு சுருள்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. நேற்று இறுக்கி முறுக்கிய நாடா இன்று சற்று தளர்ந்திருக்கும். அதே எண்ணிக்கையில் ஒன்று சோம்பிக் கிடக்கும், இன்னொன்று அறுந்து தெறிக்கும். ரப்பர் விமானம் விடுகிறவர்கள் முறுக்கு விசைமானி செய்துகொள்வது இதனால்தான்.

முறுக்கிய ரப்பரை விமானத்துக்கு எஞ்சினாக்கி உலகறியச் செய்தவர் அல்போன்ஸ் பெனோ. 1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிஸின் துய்லெரி தோட்டத்தில் அவருடைய 16 கிராம் விமானம் 11 விநாடி பறந்து சுமார் 40 மீட்டர் தூரம் போனது. 1878-இல் ரைட் சகோதரர்களுக்கு அவர்கள் அப்பா வாங்கிவந்த பொம்மை ஹெலிகாப்டரும் பெனோ வகையைச் சேர்ந்ததுதான். எஞ்சின் இன்றும் அதேதான். அதை முறுக்குகிறவர்களின் கணக்குதான் நுணுகிவிட்டது.

முறுக்கேற்றும்போது விசை ஒரே சீராக ஏறுவதில்லை. முதலில் சட்டென்று எழும். பிறகு நெடுநேரம் மெல்ல ஏறும். ரப்பர் தாங்கும் எல்லையை நெருங்கும்போது மறுபடி செங்குத்தாக ஏறும். ஈரத்துணியைப் பிழிகிறவர் கைக்குக் கடைசித் திருப்பு தெரிவதுபோல. விடும்போது கதை வேறு. முதல் சில விநாடிகளில் ஒரு வேகம், அப்புறம் நீண்ட சமதளம், கடைசியில் சரிவு. தவிர, அதே சுற்றில், ஏற்றும்போது இருந்த விசை இறங்கும்போது இருக்காது, குறைந்துவிடும். ரப்பர் வாங்கிய சக்தியில் ஒரு பங்கைச் சூடாக்கித் தானே தின்றுவிடும்.

விசை ஏறி இறங்கும் இந்த வளைவு தெரியாமல் உள்ளரங்கத்தில் விமானம் விட முடியாது. ருமேனியாவின் ஸ்லானிக் உப்புச் சுரங்கத்தில் உலகப் போட்டிகள் நடந்திருக்கின்றன. அங்கே கூரை 54 மீட்டர் உயரம். ஒன்றிரண்டு கிராம் எடையுள்ள விமானம் கூரையில் மோதினால் அத்தோடு முடிந்தது. பாதி உயரத்தில் நின்றுவிட்டாலோ நேரம் வீண். அதனால் ரப்பரை உச்சம்வரை முறுக்கி, பிறகு சில சுற்றுகளைத் திருப்பி விட்டுவிட்டு, தாங்கள் விரும்பும் விசைக்கு வந்ததும் பறக்கவிடுகிறார்கள். ஆரம்பத்து வேகம் வெட்டுப்பட்டுச் சமதளம் மட்டும் மிஞ்சும். எவ்வளவு திருப்புவது என்பதை விசைமானியின் முள்தான் சொல்ல வேண்டும்.

கருவியின் தத்துவம் பழையது. மெல்லிய கம்பியை முறுக்கினால் திரும்பும் கோணம் விசைக்கு நேர் விகிதத்திலும், கம்பியின் நீளத்துக்கு நேர் விகிதத்திலும், விட்டத்தின் நான்காம் மடிக்குத் தலைகீழாகவும் இருக்கும் என்று 1784-இல் இயற்பியலாளர் கூலோம் காட்டினார். மறுவருடம் மின் விசையை அளக்க அவர் பயன்படுத்தியதும் இதே முறுக்குக் கம்பிதான். நான்காம் மடி என்பதைக் கவனியுங்கள்: கம்பி இரு மடங்கு தடித்தால் 16 மடங்கு விறைப்பு. ரப்பர் பக்கத்திலும் இப்படி ஒரு பெருக்கல் உண்டு. நாடா இரு மடங்கு கனமானால் விசை ஏறக்குறைய 2.8 மடங்கு. ஆகவே எல்லா விமானத்துக்கும் ஒரே கருவி என்று நினைக்காதீர்கள்.

கம்பிக்கு எங்கும் அலைய வேண்டாம். இசைக்கருவிக் கடையில் கிட்டார் கம்பி கேளுங்கள். சுற்றப்படாத வெறும் எஃகுக் கம்பி, 0.41 மில்லிமீட்டர் தடிமன். அக்கூஸ்டிக் கிட்டார் செட்டில் இரண்டாவது கம்பி பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். 15 சென்டிமீட்டர் நீளம் வைத்தால், ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 95 கிராம்-சென்டிமீட்டர் விசை வரும். சின்ன உள்ளரங்க விமானங்களுக்கு இது வசதி. ஒரு சுற்றுக்குள்ளேயே அளவு முடிவது நல்லது. அதைத் தாண்டினால் எத்தனையாவது சுற்றில் முள் இருக்கிறது என்ற குழப்பம் வரும்.

கம்பியை ஒரு பித்தளைக் குழாய்க்குள் விட்டு, பின்முனையை மூடியில் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். கம்பியின் பந்து முனையில் சுற்றியிருக்கும் பகுதியை நம்பாமல், அதைத் தாண்டிப் பற்றவைக்க வேண்டும். முன்முனையில் கொக்கி, அதோடு ஒட்டிய முள். குழாயின் வாயில் கொக்கி ஆடாமல் நிற்க வழவழப்பான ஒரு மணி. அந்த மணியில் உராய்வு இருந்தால் முள் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும். குழாயை விரலால் தட்டிப் பார்த்தால் முள் குதிப்பதிலேயே தெரிந்துவிடும். பாகைமானியின் வட்டத்தைக் குழாயில் ஒட்டி, கருவியை முறுக்கு மேசையில் ரப்பரின் அசையாத முனையில் இறுக்கிவிடுங்கள்.

அளவு குறிப்பது அடுத்த வேலை. கூலோம் சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். விட்டத்தில் நூற்றில் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலே கணக்கு பத்து சதவீதம் பிசகும். எடை தொங்கவிட்டுப் பார்ப்பதே மேல். ஆனால் முள்ளோடு ஒரு கோலைக் கட்டி அதன் நுனியில் எடை மாட்டாதீர்கள். கோல் சாயச் சாய நெம்புதூரம் குறையும். 60 பாகை இறங்கியதும் பாதியாகிவிடும். 2 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒரு தட்டைக் கொக்கித் தண்டில் மையமாக மாட்டி, விளிம்பில் நூல் சுற்றி, நூலில் காகிதக் கோப்பையைத் தொங்கவிடுங்கள். வெறும் கோப்பை தொங்கும்போது முள் நிற்கும் இடம் பூஜ்யம். ஊசி இல்லாத சிரிஞ்சால் 5 மில்லி தண்ணீர் விட்டால் 10 கிராம்-சென்டிமீட்டர். ஒவ்வொரு 5 மில்லிக்கும் முள் 40 பாகைக்குச் சற்றுக் குறைவாக நகர வேண்டும். தண்ணீரைத் திருப்பி உறிஞ்சும்போதும் அதே இடங்களில் நிற்கிறதா பாருங்கள். நிற்காவிட்டால் மணியிலோ பற்றிலோ கோளாறு.

தனியாக விமானம் விடுகிறவருக்குக் கிராம்-சென்டிமீட்டர்கூட அவசியமில்லை என்பது என் கட்சி. இன்றைய 200 பாகையும் அடுத்த மாதத்து 200 பாகையும் ஒன்றாக இருந்தால் போதும். நண்பரின் கருவியோடு ஒப்பிட வேண்டும் என்றால்தான் தண்ணீர்க் கணக்கு. கம்பியை மாற்றினால் எல்லாக் குறிப்பும் செல்லாது. தடிமனையும் நீளத்தையும் குழாயின் மேலேயே எழுதி வையுங்கள்.

முறுக்கும்போது கண்ணாடி அணியுங்கள். ரப்பரை நான்கைந்து மடங்கு இழுத்துப் பாதிச் சுற்றுகளை ஏற்றுங்கள். மீதியை ஏற்றிக்கொண்டே மேசையை நோக்கி நடந்து வாருங்கள். கடைசிப் பத்துச் சுற்றில் முள் முன்னைவிட இரு மடங்கு நகர்ந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

(அடுத்த வாரம்: முறுக்கும் கைப்பிடி)